புதிய சென்சர்

ஒக்லாந்தின் ஓரேவா கடற்கரை முகாமில் நிற்கிற மோட்டார்ஹோம் என்ற வீட்டு வண்டியின் அடியில் யூட் மல்லாந்து கிடக்கிறார். பின்னேர வெயிலில் அவருடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருக்க, ஒரு பாதம் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. கழிப்பறைத் தொட்டி ஒரு கிழமைக்குத் தாங்கும் என்று சொல்லித்தான் வெள்ளைக்காரக் கிழவர் ரோஸ் வண்டியை விற்றார். உள்ளே அளவு காட்டுகிற சென்சரோ இரண்டாம் நாளே தொட்டி நிரம்பிவிட்டதாகச் சிவப்பு விளக்கைக் காட்டியது. பழுதானதைத் தலையில் கட்டிவிட்டதாக யூட் காலையில்தான் ரோஸைப் போனில் ஏசி முடித்தார். இப்போது தொட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, புதிய சென்சரை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார். உள்ளே அவருடைய மனைவி அஞ்சலினா விளக்குப் பலகையின் முன் நிற்கிறாள். “இப்ப என்ன காட்டுது?” என்று கீழிருந்து குரல் வருகிறது. “இதுவும் சிவப்புத்தான்.” அவள் பார்வை திறந்திருக்கிற கழிப்பறைக்குள் போகிறது. கடதாசிச் சுருள் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறது. அதற்குக் கீழே, ஈரம் காயாத நீலத் தண்ணீர் ஜக். அவள் யன்னலால் தலையை நீட்டுகிறாள். “இஞ்சேருங்கோ, நாங்கள் தண்ணியால கழுவுறனாங்கள் எண்டு அந்த மனுசனுக்குத் தெரியுமே?” வெளியே, ஆடிக்கொண்டிருந்த பாதம் நின்றுபோகிறது.