டோரதி இறங்கவில்லை

எர்ணாவூரிலிருந்து காசிமேடு வரைக்கும் வில்சன் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

இரண்டு கையாலும் நண்டு உடைத்துத் தின்றபடி வந்தார். கார் கோடு போட்டது மாதிரி நேராக வந்தது. வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகள் அத்தனையும் ஹாரன் அடித்து மரியாதை செய்தன. கடல்கூட ஒரு நிமிஷம் அலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

ராயபுரத்தில் இதை நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அன்றைக்கு அதே காரில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி டோரதி.

"நான் இன்னாத்த கண்டேன்? கண்ண மூடிகினு ஜெபமாலை சொல்லிகினு வந்தேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

கண்ணால் கண்ட சாட்சி ஒன்றே ஒன்று. அதுவும் பிறழ்சாட்சி. வில்சனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கார் தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான். துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் ஓட்டியவர் வில்சன். தினமும் தொண்ணூறு அடி உயரத்தில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவருக்கு, ரிட்டயர் ஆனதும் தரையை உரசிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வெறி. ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இறக்கிவிட்டார். எறும்பு குறுக்கே போனால்கூட பிரேக் போட வேண்டும்.

இறக்கிய நாளிலிருந்து இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயத் தொடங்கியது. நின்று பார்த்தால் புது டயர். குனிந்து உள்ளே பார்த்தால் கம்பி தெரியும். வண்டியும் எப்போதும் இடது பக்கமே இழுத்தது.

மூன்று டயர் போயிற்று. நாலாவதும் தேய்ந்தால் காரைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தான் இனி பஸ்ஸில்தான் என்று டோரதி கெடு வைத்தார்.

டோல்கேட் பகுதியில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் ஜஹாங்கீர் மூன்று முறை சரிசெய்தார். மூன்று முறையும் கம்ப்யூட்டர் திரையில் எல்லா எண்ணும் பச்சை. ரோட்டுக்கு வந்தால் கார் மறுபடியும் இடது பக்கம்.

நாலாம் முறை போனபோது மண்டையைப் பிளக்கும் வெயில்.

"அக்கா, எறங்கிக்கங்க. வண்டிய மேடையில ஏத்தணும்" என்றார் ஜஹாங்கீர், எப்போதும்போல மரியாதையாக.

"ஒவ்வொரு வாட்டியும் எறங்கி ஏறி, டயர வுட என் முட்டிதான் தேஞ்சிகீது. எறங்க மாட்டேன். என்னோட சேத்து ஏத்து."

ஏற்றினார். திரையில் இடது பக்கத்து எண்கள் அத்தனையும் சிவப்பு.

"அக்கா, கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிக்கங்க" என்றார் ஜஹாங்கீர். டோரதி சாய்ந்தார். ஒரு எண் அசைந்தது. நிமிர்ந்தார். பழைய சிவப்பு.

ஜஹாங்கீர் திரையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

வில்சனுக்கு விளங்கிவிட்டது. எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். இவ்வளவு இறக்கிய காரில் ஒரு பக்கம் ஒரு விரல் கூடுதலாக அமுங்கினாலும் சக்கரம் கோணிக்கொள்ளும். ஆளையெல்லாம் இறக்கிவிட்டுக் காலி வண்டியைக் காட்டினால், பாவம், மிஷின் என்ன செய்யும்?

ஆனால் அதை யார் சொல்வது? டோரதியின் எடை, கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் புருஷனுக்கே தெரியாத ரகசியம். தொண்ணூறு அடி உயரத்தில் வராத நடுக்கம் அங்கே வந்தது.

"பாய், எனக்கு வெயிட்டு ஏறிப்போச்சு. அதான் இப்டி இழுக்குது. நானும் உள்ள குந்திக்கறேன், ரெண்டு பேரையும் வெச்சி செட் பண்ணு."

சொன்ன வில்சன் சர்ச் கொடிக்கம்பத்துக்குத் தம்பி மாதிரி இருப்பார். சட்டையைக் கழற்றினால் எலும்பை எண்ணிவிடலாம்.

ஜஹாங்கீர் சிரிக்காமல் தலையாட்டினார். நல்ல மனுஷன்.

அரை மணி நேரத்தில் எல்லா எண்ணும் பச்சை, இருவரும் உள்ளே இருக்கும்போதே.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்த நண்டுப் பயணம். அப்புறம் நாலு மாசம் ஓடிவிட்டது. டயர் உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவாகத்தான் தேய்ந்தது. காரை ஏற்றும் பேச்சே வீட்டில் இல்லை. ஜஹாங்கீர் டயரைத் தடவிப் பார்த்து, "இத கண்ணாடிப் பொட்டியில வெக்கணும் நைனா" என்றார். ஆனால் டோரதி மட்டும், தான் கண்ணை மூடிக்கொண்டு வந்ததாகவே சாதித்தார்.

போன ஞாயிறு எர்ணாவூருக்குப் போயிருந்தபோது, டோரதியின் தங்கை ஆன்சி தானும் ராயபுரம் வருவதாகக் கிளம்பினார். ஆன்சி ஊதினால் பறக்கும் உடம்பு. அக்காவுக்கு முன்னால் ஓடி, முன்கதவைத் திறந்து, இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் இங்க குந்திக்கறேன் மாமா, கடல் நல்லா தெரியும். அக்கா பின்னால வரட்டும்."

வில்சன் சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியைத் துடைப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டோரதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எறங்குடி. அது என் சீட்டு."

"இன்னாக்கா, சீட்டுல உன் பேரா எழுதிக்கீது?"

டோரதி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் இல்லை. குனிந்தார். குரல் மட்டும் குறையவில்லை.

"அன்னிக்கு இந்த மனுஷன் காசிமேடு வரைக்கும் கைய வெக்கவே இல்ல. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். நான் குந்துனாதான் வண்டி அப்டி போவும். என் வெயிட்டுக்குத்தான்டி செட் பண்ணிக்கீது. எறங்கு!"