சிவந்த பச்சை

துணி துவைக்கும் சவர்க்காரம் பட்டதும் பச்சை எழுத்து சிவந்தது. வேலாயி பதறிப்போய், தனபாலனின் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை உறையோடு வெளியே இழுத்தாள்.

நல்லவேளை, ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் பச்சை. சில எழுத்துகள் தடித்தும் சில வெறும் கீறலாகவும் இருந்தன. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

‘போன ஞாயிறு வராமல் ஏமாற்றிவிட்டீர்கள். இந்த ஞாயிறாவது வாருங்கள். உங்கள் ச.’

போன ஞாயிறு தனபாலனுக்குக் காய்ச்சல். வேலாயிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஞாயிறு தவறாமல் எங்கேயோ போகிறவர் அன்று முழுக்க வீட்டிலேயே இருந்தார். அந்த ஒரு நாளை அவள் இன்னும் நினைத்து நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

கடிதத்தை மடியில் செருகினாள். சட்டையை அலசி, கொடியில் வெயில் விழும் இடத்தில் போட்டாள். அவருடைய சட்டைக்கு எப்போதும் அந்த இடம்தான்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த தனபாலன் உட்காரவேயில்லை.

“சட்டையில ஒரு கடுதாசி இருந்துச்சே, பாத்தீங்களா?”

“இல்லையே. கந்தோர்ல மேசை மேல வச்சிட்டு வந்திருப்பீங்க.”

“பச்சை மையில எழுதினது.”

“பச்சையா? நான் எந்தப் பச்சையையும் காணல.”

அவர் பாயைத் தூக்கிப் பார்த்தார். பெட்டியைக் கிளறினார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த நடுத்துண்டு மீன் தட்டிலேயே கிடந்தது.

தைப்பொங்கலன்று வேலாயி புதுச் சேலையில் நின்றபோது, “இந்தப் பச்சை நல்லா இருக்கு. எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டவர் அவர். அதிகம் பேசாத மனிதர். அந்த இரண்டு வார்த்தைகளை அவள் எட்டு மாதமாகக் காப்பாற்றி வைத்திருந்தாள். இப்போது, அவருக்குப் பச்சை பிடிக்கும் என்பது இன்னொருத்திக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு கண்டியின் கொழும்பு வீதிக்குப் போனாள். அங்கே கடதாசி, பேனா, மை விற்பவர் ஜமால்தீன்.

“நானா, கண்டியில பச்சை மை யாரு வாங்குறாங்க?”

“நாலஞ்சு பேரு. எல்லாம் தோட்டத்துத் தொரமாரு. ஏன் தங்கச்சி?”

அவள் உறையை நீட்டினாள். ஜமால்தீன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெற்றிலைத் தட்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்து விலாசத்தின் நுனியில் தொட்டார். அந்த எழுத்து சிவந்தது. தன் போத்தல் மையால் ஒரு கோடு கீறி அதிலும் தொட்டார். அது பச்சையாகவே இருந்தது.

“இது கடை மை இல்ல. நீல மையில மஞ்சள் கரைச்சீக்கி. மஞ்சளப் போட்டுக் கறி ஆக்கலாம், கடுதாசி ஆக்கினத இண்டைக்குத்தான் பாக்குறன்.” அவர் சிரித்தார். “எழுத்தப் பாருங்க. ரெண்டு வரிக்கு ஒருக்கா பேனா அடைச்சீக்கி. கழுவிக் கழுவி எழுதீக்கிறாங்க. புருசனுக்கு வந்ததா?”

வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

“முத்திரையில எந்த ஊருன்னு போட்டிருக்கு, நானா?”

“வத்தேகம.”

காசைக் கொடுத்து ஒரு போத்தல் வாங்கி எழுதியவளாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இவள் அடுப்படியில் உட்கார்ந்து மஞ்சளை அரைத்திருக்கிறாள். துணியில் வடித்திருக்கிறாள். அடைத்த பேனாவை அவருக்காகத் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறாள். தனக்கு இது தோன்றவில்லையே என்பதுதான் வேலாயிக்கு அதிகம் எரிந்தது.

மாத்தளை ரயிலில் வத்தேகம வரைக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிப் பழகினாள். ‘அவர விட்டுரு.’

உறையின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லாமல் எழுதியிருந்த விலாசம், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. கிணற்றடியில் ஓர் இளம்பெண் குனிந்து, சிரட்டைத் தண்ணீரில் பேனா முள்ளைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல்களில் பச்சை. சவர்க்காரத்தைத் தேய்த்தாள். விரல்கள் சிவந்தன.

இவள்தான்.

காலடி கேட்டு அவள் நிமிர்ந்தாள். அவள் கட்டியிருந்ததும் அதே பச்சைச் சேலை. அதே கரை, அதே பூ. கடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இவளுக்கா வாங்கிக் கொடுத்தார்?

அப்போதுதான் அந்தக் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றைக் கண்டாள். கலியாணம் முடித்தவள்! புருசன் இருக்கும்போதே அவருக்குக் கடிதம் எழுதுகிறாளா? வேலாயி உறையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அந்தப் பெண் உறையைப் பார்க்கவில்லை. வேலாயியின் சேலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஈரக்கையை அவசரமாக முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அட, வாங்க வாங்க! எங்க வீட்டுக்காரருக்குச் சோறு போடுற போர்டிங் அக்கா நீங்கதானே?”