கதவிடுக்கில் வைக்கோல்

சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த பாட்டரியைக் காரில் வைத்த கலந்தர் பாய், ஒரு முனையை மட்டும் மாட்டாமல் நடுவில் சின்ன பல்பு ஒன்றைக் கோத்தார்.

சாவி போடவில்லை. விளக்கு போடவில்லை. பல்பு எரியக் கூடாது.

எரிந்தது.

"கரண்டு எங்கயோ போயிக்கிட்டிருக்குங்க," என்றார் பாய்.

காரின் சொந்தக்காரரான மிராசுதார் பஞ்சநதம் பாயைப் பார்க்கவில்லை. டிரைவர் வைரக்கண்ணுவைப் பார்த்தார். அவன் துணியால் காரைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தான்.

"எங்கடா போற? இங்கயே நில்லு."

நின்றான்.

கரண்டு தானாகப் போகுமா? போக வைக்கிறான் படவா.

அந்தக் காலத்துச் சீமைக் கார்தான். ஆனாலும் பொண்ணு கல்யாணத்தில் ஊர்வலம் போனபோது குதிரை மாதிரி ஓடியது. நீடாமங்கலம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்றால் மட்டும் காலையில் செத்துக் கிடக்கிறது. காருக்குச் சட்டம் தெரியுமா என்ன? இவனுக்குத் தெரியும்.

ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் நிலம் என்று உச்சவரம்புச் சட்டம் வந்த வருஷம், மிஞ்சியதைப் பஞ்சநதம் நம்பிக்கையான ஆட்கள் பேரில் எழுதி வைத்தார். அதில் வாய்க்காலை ஒட்டிய ஐந்து ஏக்கர் நஞ்சை வைரக்கண்ணு பேரில் போயிற்று. பேர்தான் அவனுடையது. விளைந்ததெல்லாம் பஞ்சநதத்தின் களத்துக்குத்தான் வந்தது.

இப்போது அதிகாரிகள் ஊர் ஊராக வந்து, பட்டாவில் பேர் உள்ளவனை நேரில் நிறுத்தி, நிலம் உன்னுடையதா என்று கேட்கிறார்கள். நாளைக்கு இந்த ஊர். இவன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து ஏக்கரும் போயிற்று. அதற்குள் மாப்பிள்ளை பேருக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு இவன் கையெழுத்து வேண்டும்.

பஸ்ஸில் போகலாம். மிராசுதாரும் டிரைவரும் ஒரே பஸ்ஸில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? ஆள் விட்டுக் காரைத் தள்ளலாம். கூலித் தகராறுக்குப் பிறகு ஒருத்தனும் இந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பஞ்சநதமும் லேசுப்பட்டவர் இல்லை. களத்தில் நெல்லைக் குவித்தால், ராத்திரியில் எவனும் கைவைக்காமலிருக்கச் சாணிப்பால் தெளித்துக் குறி வைக்கிற குடும்பம். குறி கலைந்திருந்தால் களத்துக் காவல்காரன் தொலைந்தான். அப்போதெல்லாம் காவல்காரன் வைரக்கண்ணுவின் அப்பன்.

கார் முதல் தடவை படுத்த அன்றைக்கே அவருக்கு அந்த நினைவு வந்துவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலமானால், ஒருவரும் பார்க்காத சமயமாகக் கதவிடுக்கில் வைக்கோல் செருகி வைத்தார். எவனாவது கதவைத் திறந்தால் விழுந்துவிடும்.

ஒருநாளும் விழவில்லை. பாட்டரி மட்டும் செத்திருந்தது. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. அதனால்தான் இன்றைக்குப் பாயை வரவழைத்து, பொழுது விடிந்ததிலிருந்து கொட்டகையை விட்டு நகராமல் நிற்கிறார்.

பாய் ஹாரன் ஒயரைக் கழற்றினார். பல்பு எரிந்தது. முன்விளக்கு ஒயரைக் கழற்றினார். எரிந்தது.

பஞ்சநதத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். கையும் களவுமாகச் சிக்குவான்.

"பல்பையே பாத்துக்கிட்டிருங்க. அணைஞ்சா சத்தம் கொடுங்க," என்று சொல்லிவிட்டு பாய் காரைச் சுற்றிக்கொண்டு போனார். தூக்கி நிறுத்திய பானெட் அவரை மறைத்தது.

கதவு ஒன்று திறந்து மூடிய சத்தம் கேட்டது.

பல்பு அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு!" என்று கத்தினார் பஞ்சநதம்.

பாய் திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தார். நசுங்கிய வைக்கோல்.

"இது கதவ முழுக்கச் சாத்த விடலிங்க. கதவு படியலைன்னா உள்விளக்கு எரியும். ராத்திரி பூரா எரிஞ்சிருக்கு. திரை போட்டிருக்கறதால வெளிய தெரியல."

பஞ்சநதம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைக்கோலை உற்றுப் பார்க்கக்கூட முடியவில்லை. அவனைப் பிடிக்க வைத்தது, தன் பாட்டரியையே தின்றிருக்கிறது.

"கோழி இழுத்துப் போட்டிருக்கும்," என்றார்.

"ஆமாங்க, கோழிதான்," என்றான் வைரக்கண்ணு.

வெட்கமாக இருந்தது. பாவம், இவனைப் போய் சந்தேகப்பட்டோமே. கையெழுத்துப் போட்டு முடிந்ததும் நல்லதாக ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பாய் ஒயர்களை மாட்டி, பானெட்டைச் சாத்திவிட்டு சைக்கிளில் கிளம்பினார். வைரக்கண்ணு பின்கதவைத் திறந்து பிடித்தான். பஞ்சநதம் ஏறி உட்கார்ந்தார். கதவை அழுத்திச் சாத்திவிட்டு முன்னால் போய், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

இடுக்கிலிருந்து ஒற்றை வைக்கோல் நழுவி விழுந்தது.

நேற்றுச் சாயங்காலம் பஞ்சநதம் செருகியது. அந்த ஒரு கதவைத் தவிர வேறெதிலும் அவர் செருகியதே இல்லை.

பாயின் கையில் இருந்தது சுண்டுவிரல் கனத்துக்கு முறுக்கிய வைக்கோல் என்பது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

இறங்கடா கீழே என்று கத்தத்தான் வாயைத் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்.

வைரக்கண்ணு குனிந்து வைக்கோலை எடுத்தான். சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் தொடாமல், திரும்பி அதை அவரிடம் நீட்டினான்.

"இதுதாங்க ஐயாவோடது."