அஸ்ரியேல் ஓட்டி வந்த ஆடு

அன்று பட்டண வாசலில் இருந்தவர்கள்: கல் இருக்கைகளில் மூப்பர் ஒன்பது பேர், கைகள் கட்டப்பட்ட எல்தாத், அவன் மனைவி மில்காள், வழக்குக் கொண்டுவந்த சேமேர், அவனுடைய சாட்சிகள் இரண்டு பேர், வாசற்காவலன் தல்மோன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பத்தாவது மூப்பர் அஸ்ரியேல் இன்னும் வரவில்லை. அவருக்காகத்தான் காத்திருந்தார்கள்.

சேமேரின் மேய்ப்பன் ஒருவன் கிணற்றடியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். கொன்றது எல்தாத் என்றான் சேமேர். கண்ணால் பார்த்தோம் என்றார்கள் சாட்சிகள். இரண்டு பேரும் சேமேர் வீட்டு அப்பம் தின்பவர்கள்.

கொலை நடந்த இரவு எல்தாத் எப்ரோனில் ஒரு குயவன் வீட்டில் படுத்திருந்தான். "அந்தக் குயவனைக் கூப்பிட்டுக் கேளுங்கய்யா" என்று மில்காள் ஒவ்வொரு மூப்பர் வீட்டுக் கதவையும் தட்டினாள். ஒருவரும் ஆள் அனுப்பவில்லை.

குற்றவாளி என்று தீர்ப்பானால் பொழுது சாய்வதற்குள் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள்.

அஸ்ரியேல் ஒருவர்தான் அவளை உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். "வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடு மகளே" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இன்று நிற்கிறாள்.

"அதோ வர்றாரு" என்றான் தல்மோன்.

வந்தார். ஒரு கையில் மூப்பர் கோல், மறு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் கொழுத்த செம்மறியாடு. அதன் இடது காதில் இரட்டை வெட்டு. சேமேரின் மந்தை அடையாளம் அது. ஊரில் தெரியாதவர் கிடையாது.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "என்ன பெரியவரே, ஆடும் தீர்ப்பு சொல்லப் போகுதா?"

தலைமை மூப்பர் எலியாதாவின் முகம் வெளுத்தது. "யார் ஆடு இது?"

"இப்ப என் ஆடுதான். நேத்து சேமேர் குடுத்தான். நல்லாப் பால் கறக்குமாம்."

"எதுக்குக் குடுத்தான்?"

"இதென்ன கேள்வி? எல்தாத் குற்றவாளின்னு சொல்றதுக்குத்தான்."

ஓரத்துக் கல்லில் இருந்த மூப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "கொட்டில்ல கட்டிப் போட்டுட்டு வரத் தெரியாதா உமக்கு? நாங்கல்லாம் கையில பிடிச்சுக்கிட்டா வந்தோம்?"

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற மில்காளின் காதில் அது விழுந்தது.

ஒன்பது பேரும் வாங்கியிருக்கிறார்கள். அதைக்கூட அவளால் தாங்க முடிந்தது. பத்தாவது ஆளைத்தான் தாங்க முடியவில்லை.

"நீருமாய்யா? மகளேன்னு கூப்பிட்ட வாயா இது? ஒரு ஆட்டுக்கா என் புருஷன் உயிரு? உம்ம வீடு விளங்குமா!"

ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"லஞ்சம் வாங்கினவரு எப்படிய்யா நியாயம் சொல்லலாம்?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். பின்னாலேயே பத்துக் குரல்கள் எழுந்தன. இனி மூப்பர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

எலியாதா துள்ளி எழுந்தார். "பரிதானம் தொட்ட கை நியாயம் சொல்லலாமா? குற்றமில்லாத ரத்தம் நம்ம தலையில விழாதா? ஆண்டவருக்கு என்னய்யா பதில் சொல்லுவீர்?"

"வெட்கக்கேடு!" என்றார் ஓரத்துக் கல்லுக்காரர். அவர் குரல்தான் எல்லாருடையதையும்விடப் பெரிதாக இருந்தது.

அஸ்ரியேலின் கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார்கள்.

"சாகிற வரைக்கும் உமக்கு இந்த வாசல்ல இடம் கிடையாது. எழுந்து போம்!" என்றார் எலியாதா.

"நான் இன்னும் உட்காரவே இல்லையே" என்றார் அஸ்ரியேல்.

ஆட்டின் கயிற்றைச் சேமேரின் கையில் திணித்துவிட்டு நடந்தார். கோல் இல்லாத நடை. கொஞ்சம் தள்ளாடியது. ஆனாலும் வேகமாகத்தான் போனார்.

சேமேர் ஆட்டைத் தன் ஆளிடம் தள்ளிவிட்டான். "விட்டது சனியன். தீர்ப்பைச் சொல்லுங்க. வெயில் ஏறுது."

தல்மோன் தொண்டையைச் செருமினான்.

"எப்படிங்க சொல்றது? உயிர் போற வழக்குக்குப் பத்துப் பேர் உட்காரணுமே."

"வேற யாரையாவது உட்கார வை!"

"புது மூப்பரை ஊர் கூடித்தான் எடுக்கணும். அதுக்கு அறுப்பு முடியணும். அதுவரைக்கும் ஆளைக் கட்டி வைக்கிற வழக்கம் இல்லை. இன்னைக்கே எப்ரோனுக்கு அனுப்பணும். அங்கே ஆசாரியர்கள் விசாரிப்பாங்க."

"அப்போ அந்தக் கிழவனையே திரும்பக் கூப்பிடுங்க!"

"எந்த மூஞ்சியோட கூப்பிடுறது?" எலியாதா தலையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தானே ஊரைக் கூட்டி விரட்டினோம்!"

தல்மோன் எல்தாத்தை எழுப்பி நிறுத்தினான். மில்காளின் பக்கம் குனிந்தான்.

"நடம்மா. உன் குயவன் எப்ரோன்லதானே இருக்கான்? அஸ்ரியேல் பெரியவரு வராம இருந்தா நானே போய்த் தூக்கிட்டு வந்திருப்பேன். வந்து உட்கார்ந்து, மாட்டேன்னு சொல்லியிருந்தாலும், மிச்சப் பேர் சொன்னதுதான் தீர்ப்பாயிருக்கும். உன் புருஷனைப் பிழைக்க வைக்க அவருக்கு வேற வழியே இல்லை."

மில்காள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நம்பமுடியாமல் எலியாதா விரலை நீட்டி, தன்னையும் சேர்த்து, மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

ஒன்பதுதான்.