ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

“இந்தக் காலத்துல பெத்தவன் சும்மா. பொண்ணு குடுத்தவன்தான் பெரிய ஆளு!”

பட்டறைக்காரர் வாய்விட்டே சொன்னார். புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“யாரைச் சொல்றீங்க?”

“அதோ மூட்டை சுமந்துட்டுப் போகுதே ஒரு கழுதை, அது என் மகன். கையை வீசிக்கிட்டு முன்னால போறாரே, அவர் அவனோட மாமனார்.”

“மாமனார் பையை மருமகன் தூக்கினா என்ன தப்பு?”

“என் பையை ஒரு நாள் தூக்கியிருக்கானா?”

“உங்ககிட்ட பை இருக்கா?”

பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. மகன் போன பக்கம் நகர்ந்தார்.

சம்பந்தி இந்த கோல்ஃப் கிளப்பில் மெம்பர். மெம்பர் கூட்டி வந்தால் வெளியாளும் ஒரு ஆட்டம் ஆடலாம். சம்பந்தி விடாமல் கூப்பிட்டார் என்று இவரும் வந்திருந்தார். விளையாட வரவில்லை, வேவு பார்க்க வந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகன் மாமனார் வீட்டில்தான் கிடக்கிறான். பெற்றவர் வீட்டுக்கு வருவதெல்லாம் ஏதோ ஒரு செவ்வாய், புதன். அதுவும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோடு சரி. அப்படி என்ன சொக்குப்பொடி போட்டிருக்கிறார் இந்த மனுஷன்?

பார்க்கப் பார்க்க வயிறுதான் எரிந்தது.

“மாமா, வெயில் ஏறுது, தொப்பி போட்டுக்குங்க. மாமா, தண்ணி குடிங்க.”

“ஏண்டா, எனக்கு வெயில் அடிக்கலையா?”

“உங்களுக்குத்தான் பட்டறைச் சூடே பழக்கமாச்சேப்பா!” என்று சிரித்தான் மகன்.

சம்பந்தி அடித்த பந்து புதருக்குள் போய் விழுந்தது. மகன் அதைத் தேடி ஓடினான். சம்பந்தி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சம்பந்தி, ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா? ஒவ்வொரு குழியிலயும் யாரு கம்மியான அடியில பந்தைப் போடுறாங்களோ, அந்தக் குழி அவங்களுக்கு. கடைசியில நீங்க ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை உங்களுது. பையனை உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது என் பொறுப்பு.”

பெற்ற மகனை அப்பனிடமே பந்தயம் வைக்கிறாராம்! எவ்வளவு கொழுப்பு இருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றும்?

“ஜெயிக்கலேன்னா?”

“இப்ப இருக்கிற மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்.”

“சரி. ஆடிப் பார்த்துடலாம்.”

காலமெல்லாம் சம்மட்டி பிடித்த கை. முதலில் மண்ணைப் பெயர்த்தாலும் போகப் போகப் பந்து நேராகப் பறந்தது. சம்பந்தியின் பந்து ஒன்று குளத்தில் முழுகியது, ஒன்று மணலில் புதைந்தது. ஒவ்வொன்றுக்கும் மகன் ஓடி ஓடித் தேடினான். அந்த ஓட்டமும் பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய பந்து ஒரு குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

“போதும் சம்பந்தி, எடுத்துக்குங்க. விழுந்ததாவே வெச்சுக்கலாம்,” என்றார் சம்பந்தி.

“ஏன் எடுக்கணும்?”

“இவ்வளவு கிட்ட வந்துட்டா விட்டுக்குடுத்துடறது இங்க வழக்கம்.”

“எடுக்கச் சொல்லிட்டு அப்புறம் விழவே இல்லேன்னு சாதிக்கவா? என் பந்து, நானே போட்டுக்கறேன்.”

தட்டினார். பந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போயிற்று. சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சொன்னேனே, எடுத்திருக்கலாமே!”

நடிப்பைப் பார் என்று பட்டறைக்காரர் பல்லைக் கடித்தார். அடுத்தடுத்தும் சம்பந்தி விட்டுக்கொடுத்தார். இவர் வாங்கிக்கொள்ளாமல் தட்டித் தட்டிக் கெடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் போன இன்னொரு மெம்பர், “என்ன சார், இன்னிக்குக் கையில சுளுக்கா?” என்று சம்பந்தியைக் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். பட்டறைக்காரர் பந்தைக் குழியில் போட்டுவிட்டார். சம்பந்தியின் பந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. அடுத்த அடியில் அது விழுந்தால் சமன், எல்லாம் பழையபடி. தவறினால் ஞாயிற்றுக்கிழமை கைமாறும்.

குழியில் நட்டிருந்த கொடியைப் பிடுங்கிப் பிடித்துக்கொண்டிருந்த மகன், “அப்பா, மாமாவுக்கு விட்டுக்குடுத்துடுங்க. இதையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவாரு,” என்றான்.

“நான் விட்டுக்குடுத்ததெல்லாம் போதும்டா. போடச் சொல்லு.”

சம்பந்தி குனிந்தார். குழியைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். தட்டினார். பந்து குழி இருந்த திசையிலேயே போகவில்லை.

“என்ன மாமா நீங்க!” மகன் முகம் தொங்கிப்போக, பையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் சம்பந்தி பட்டறைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. பட்டறைக்காரருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அழட்டும், நன்றாக அழட்டும்.

“நல்லா இருப்பீங்க சம்பந்தி! மாப்பிள்ளை வாராவாரம் வந்து, ‘ரிப்பேர் பண்றேன் மாமா’ன்னு வீட்டுல எதையாவது கழட்டிப் போட்டுடறாரு. ஃபேன் சுத்த மாட்டேங்குது, வாஷிங் மெஷின் குதிக்குது, பூட்டைச் சரி பண்ணின அன்னிக்கு நானும் என் வீட்டுக்காரியும் ஜன்னல் வழியா ஏறி உள்ளே போனோம். அவரை வீட்டை விட்டு வெளியே வெச்சிருக்கணும்னுதான் நான் இந்த கிளப்புலயே மெம்பர் ஆனேன்!”

பட்டறைக்காரர் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். ‘பட்டறைக்காரன் மகன் கை வெச்சு ஒரு சாமான் கெட்டுப்போகுமா? தோத்த வயித்தெரிச்சல்ல எப்படிப் புளுகுறான் பாரு!’ என்று முணுமுணுத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மகன் போன பக்கம் நடந்தார்.