சாம்சனை முந்த

பரசுராமன் முழங்காலில் கட்டக் கொண்டுவந்த கிரிக்கெட் பேடைத் தாவீது இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, செத்த எலியைப் போடுவதுபோல மண்ணில் போட்டார்.

"பந்து பட்டா இது தாங்கும். வண்டி மேல வுழுந்தா?"

தாவீது அவனுடைய ஹெல்மெட்டைத் திருப்பினார். தாடைவார் அறுந்த இடத்தில் ஷூ லேஸ் முடிச்சுப் போட்டிருந்தது. மார்புக்குக் கவசம் இல்லை. காலில் பூட்ஸ் இல்லை, கான்வாஸ் ஷூ. ஹெல்மெட்டை அவன் கையிலேயே திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

1991, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வற்றிக் கிடந்த ஏரியில் மோட்டார் சைக்கிள் பந்தயம். வெடித்த மண், கருவேல முள், கரைமேட்டில் ஏறிக் குதிக்கிற ஒரு மோசமான இடம். சுற்றுவட்டார ஃபாக்டரி ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற ஒரே ஓட்டம் அது. யாரை ஓட விடலாம், யாரை விடக்கூடாது என்பதில் தாவீது வைத்ததுதான் சட்டம்.

அந்தத் தாவீதின் தம்பிதான் சாம்சன். போன வருடம் அரைச் சக்கர நீளத்தில் பரசுராமனை முந்தியவன். அன்றிலிருந்து கேன்டீனில், ஷிப்ட் பஸ்ஸில், கைகழுவும் குழாயடியில் பரசுராமனுக்குப் பெயர் 'செகண்டு'. டீ வாங்கும் வரிசையில்கூட, "செகண்டு, நீ எனுக்குப் பின்னாடி நில்லு" என்பார்கள். அவனும் கூடச் சிரித்துவைப்பான். சிரித்துவிட்டு வந்து மெஷின் முன்னால் நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வான்.

சாம்சனை ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்க, முந்த வேண்டும். ஒரு வருடமாக அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஃபாக்டரி லைனில் அவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற வசந்தகுமார்தான் இன்று வண்டி தள்ள வந்திருந்தான். கவசம் இரவல் கேட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். உபரியாக ஒரு முழங்கால் காப்புகூட யாரிடமும் இல்லை. அவரவர் கவசத்தை அவரவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றான்.

பரசுராமனுக்குத் தலைக்கேறியது. நேரே போய்த் தாவீதின் முன்னால் நின்றான். பனைமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டியை முறுக்கிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தான் சாம்சன். அவனுக்கும் கேட்கட்டும் என்றே பரசுராமன் குரலை உயர்த்தினான்.

"உன் தம்பி ஜெயிக்கணும். அதுக்கு நான் வூட்டுக்குப் போவணும். அதானே?"

பனைமரத்தடியில் எஞ்சின் நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

தாவீதின் முகம் கறுத்துப்போனது. அதுவே பரசுராமனுக்கு ஒப்புதல் வாக்குமூலமாகப் பட்டது.

"போன வருசம் இதே ஓட்டத்துல ஹேமந்த் வுழுந்தப்ப தூக்கினு ஓடுனது நானு" என்றார் தாவீது. "அவனால இன்னிக்கும் வாய முழுசா தொறக்க முடில. அவனும் இப்படித்தான் எதையோ கட்டிக்கினு வந்தான்."

பரசுராமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் வாசலில் நின்றால் தம்பிக்கு எதிரில் எவன் நிற்க முடியும் என்று கேட்டான். போன வருடமும் ஏதோ நடந்திருக்கும், தனக்குத்தான் அப்போது புரியவில்லை என்றான். வசந்தகுமார் தோளைப் பிடித்து இழுக்க, உதறிவிட்டு வந்து தன் வண்டியோரம் குந்தினான். கையில் அகப்பட்ட மண்கட்டியை நொறுக்கிக்கொண்டே இருந்தான்.

சிறிது நேரம் கழித்து, வசந்தகுமார் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தான். உள்ளே ஹெல்மெட், மார்க்கவசம், முழங்கால் முழங்கைக் காப்புகள், பூட்ஸ். எல்லாம் இருந்தன.

"போட்டுக்கோ. ஒண்ணும் கேக்காத" என்றான். சொல்லும்போது பரசுராமன் முகத்தைப் பார்க்கவில்லை.

பரசுராமனுக்கு எதுவும் கேட்கத் தோன்றவுமில்லை. தாவீது பயந்துவிட்டார். நாலு பேர் நடுவில் நறுக்கென்று கேட்டதும், எங்கேயோ பதுக்கி வைத்திருந்ததை வெளியே எடுத்துவிட்டார். கேட்டால்தான் கிடைக்கும் இந்த உலகத்தில்.

ஹெல்மெட்டை மாட்டினான். உள்ளே பஞ்சு வெதுவெதுப்பாக, வேர்வை ஈரத்தோடு இருந்தது. பூட்ஸுக்குள்ளும் அதே ஈரம். முகத்தைச் சுளித்துக்கொண்டான். அவ்வளவுதான். பட்டைகளை இழுத்து மாட்டிக்கொண்டு, வண்டியை உருட்டிப்போய்ச் சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தினான்.

பக்கத்தில் வண்டிகள் உறுமின. வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். சாம்சன் இல்லை. பனைமரத்தடியில் அவன் வண்டி மட்டும் ஸ்டாண்டு போட்டு நின்றது.

தாவீது கையில் கொடியோடு ஒவ்வொருவருடைய தாடைவாராக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பரசுராமனிடம் வந்ததும், வார் தளர்ந்திருப்பதைப் பார்த்துக் குனிந்து இறுக்கத் தொடங்கினார்.

பரசுராமனால் வாயை அடக்க முடியவில்லை.

"இன்னா, உன் தம்பியக் காணோம்? நான் வரேன்னதும் பயந்துட்டானா?"

தாவீது வாரை இன்னொரு துளை இழுத்து மாட்டினார். தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து அவனைப் பார்க்கவே இல்லை.

"நீ போட்டுக்கினு கீறது அவனுது."