கேட்டேன்னு சொல்லு

மெதெயின் நகரத்து ரொட்டிக் கடையில் வரிசையில் நின்ற ரூபியேலாவைப் பின்னாலிருந்து ஒருவன் கட்டிக்கொண்டான். திரும்பினால் வில்மார்.

“தொலைஞ்சு போனவளே, உன்னைப் பார்க்கறதே அதிசயமா இருக்கே.”

அதே தெருவில், அதே வீட்டில், அதே போன் நம்பரோடுதான் அவள் ஆறு வருஷமாகத் தொலைந்து கிடக்கிறாள். அந்த ஊர் வழக்கம் அப்படி. முந்திக்கொண்டு ‘தொலைஞ்சு போயிட்டியே’ என்று சொல்பவன் தேடி அலைந்தவனாகிவிடுவான்.

“ஆமா, நான்தான் தொலைஞ்சேன். நீ எங்கெல்லாம் தேடினே?”

“ஏழைங்களை மறந்துட்டே, அதைச் சொல்லு” என்று சிரித்தபடி, கையிலிருந்த கார் சாவியைச் சுழற்றினான்.

“இப்ப எங்க இருக்கே?”

“பக்கத்துலதான், மெட்ரோவுல நாலு ஸ்டேஷன். வேலை மூச்சுவிட விடல. ஒருநாள் காபி சாப்பிடுவோம், நானே கூப்பிடறேன்.”

“என்னிக்கு?”

அங்கே யாரும் அப்படி நாள் கேட்பதில்லை. வில்மாருக்கு முகம் சுருங்கியது.

“இந்த வாரத்துலயே ஒருநாள். அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு.”

“சொல்றேன்.”

வீட்டில் அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“ரொட்டி வாங்க இவ்வளவு நேரமா?”

“கடையில உன் மகன் வில்மாரைப் பார்த்தேன். உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னான்.”

அம்மா அடுத்த கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.

“நல்ல பிள்ளை. மரியாதைக்கு நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அவனோட அம்மா எப்படி இருக்காங்கன்னு.”